எதுக்கும் இருக்கட்டும்

கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் ஒரு வேலைதான் என்று ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் ஆதிமூலத்துக்குத் தெரியாது. "திறந்துடாதீங்க தாத்தா, மருந்து வெளியில வந்துடும்" என்று சொல்லிவிட்டு அந்த சிஸ்டர் பெண் அடுத்த ஆளுக்குப் போய்விட்டாள். மருந்தைவிடத் தாத்தா என்றதுதான் எரிந்தது. கண்பாப்பா விரிய முக்கால் மணி நேரமாவது ஆகுமாம், அப்புறம்தான் டாக்டர் பார்ப்பாராம். அதற்கப்புறமும் பொழுது சாயும்வரை எழுத்து எதுவும் பிடிபடாதாம். இதை மருந்து ஊற்றின பிறகுதான் சொன்னார்கள். முன்னாலேயே சொல்லியிருந்தால் நாளைக்கு வருகிறேன் என்று எழுந்து போயிருப்பார். மனைவி வேதவல்லி விட்டிருக்க மாட்டாள். மூன்று தடவை நாள் குறித்து மூன்று தடவையும் ஏதோ ஒரு வேலையைச் சொல்லித் தள்ளிப் போட்டாயிற்று. இந்தத் தடவை வாசல்வரைக்கும் வந்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள். நாலு மணிக்குள் பாலத்தின் செலவு மதிப்பீடு அறக்கட்டளைக்குப் போய்ச் சேர வேண்டும். அது மடியில்தான் இருந்தது, பிளாஸ்டிக் உறைக்குள். தடவிப் பார்த்தார். உறை வழுவழுவென்றிருந்தது. தடவினால் எண்ணா தெரியும்? பரவாயில்லை, எண்கள் தலைக்குள் இருக்கின்றன. நாற்பத்தாறரை லட்சம். அறக்கட்டளைக்காரர்கள் கொடுப்பது நாற்பது. மூடின இமைக்குள் செம்மண் நிறத்தில் ஒரு வெளிச்சம் அலைந்தது, அதன் நடுவில் ஆறரை என்று ஒன்று நின்றுகொண்டு நகரமாட்டேன் என்றது. ஆறரை லட்சம் குறைந்தால் நெடுங்கல்பட்டி ஓடைக்கு ஒரு நடைபாலம். குறையாவிட்டால் அந்த நாற்பது லட்சம் வேறு மாவட்டத்துக்கு, வேறு ஏதோ ஒரு ஊரின் சமுதாயக் கூடத்துக்குப் போய்விடும். அறக்கட்டளை அதையும் கடிதத்திலேயே எழுதியிருந்தது, ரொம்ப மரியாதையாக.

எங்கே குறைப்பது. நேற்றுச் சாயங்காலம் கான்ட்ராக்ட் முதலாளி முனிரத்தினம் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி கேட்டார், "ஏண்ணா, கைப்பிடியை ஒரு பக்கம் மட்டும் போட்டா என்னா?" அவர் ஆதிமூலத்தைவிடப் பத்து வயது சின்னவர், அண்ணா என்றுதான் கூப்பிடுவார், ஆனால் சம்பளம் கொடுக்கிறவர். "போறப்ப பிடிச்சிக்கிட்டுப் போவாங்க முதலாளி, வரப்ப?" என்றார் ஆதிமூலம். "வரப்ப இடது கையால பிடிச்சிக்கட்டும்." சொல்லிவிட்டு முதலாளியே சிரித்துவிட்டார், அது சிரிப்பாகத் தொடங்கிப் பெருமூச்சாக முடிந்தது. இரும்பை மெலிசாக்கலாமா என்று கேட்க வாயெடுத்ததும் தெரிந்தது. கேட்கவில்லை, நல்ல மனுஷன். இரும்பு பன்னிரண்டு லட்சம், அதில் கை வைக்கக் கூடாது. அஸ்திவாரத்துக் கான்கிரீட் பதினாலு. கிரேன் கொண்டுவந்து தூக்கி வைப்பது நாலு. இரண்டு கரையிலும் படியும் பாதையும் மூன்று. கைப்பிடி, பெயின்ட் இரண்டரை. ஓடைத் தண்ணீரைத் தடுத்து இறைப்பது ஒன்றரை. இதர செலவு மூன்று. பள்ளம் வெட்டிப் பாறை உடைப்பது ஆறரை. அட, இதுவும் ஆறரைதான். பாறையே இல்லாத ஓடையாக இருந்தால் கணக்கு இன்றைக்கே சரியாகிவிடும். பாறை இல்லாத ஓடை இந்தப் பக்கம் ஏது. இங்கே கிணறு வெட்டுகிறவன் தண்ணீருக்கு வேண்டிக்கொள்வதற்கு முன்னால் பாறை வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்வான். நெடுங்கல்பட்டிப் பால்காரி கெங்கம்மா என்ன சொன்னாள்? ஓடை பார்க்கப் போன அன்று பால்கேனைத் தலையில் வைத்துக்கொண்டு முழங்காலளவு தண்ணீரில் வந்தவள், டேப்பைப் பிடித்து நின்ற அவரைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டாள். "நீங்களும் அளக்க வந்தீங்களா? அளந்து அளந்தே ஓடை தேஞ்சி போச்சி. போன வாட்டி வந்தவரு டீயக் குடிச்சிட்டு, அகலம் எவ்ளோன்னு என்னியே கேட்டு எழுதிக்கிட்டாரு." கூட வந்தவர்கள் சிரித்தார்கள். அவருக்கு முகம் சுட்டது. எப்போதுமே கூட்டத்தில் அவருக்கு வாய் வராது. டேப்பின் முனையை இன்னும் கொஞ்சம் இழுத்துப் பிடித்தார், அவ்வளவுதான். மழைக்காலத்தில் கயிறு கட்டி அதைப் பிடித்துக் கடப்பார்களாம். தண்ணீர் இடுப்புக்கு மேல் போனால் கடப்பதில்லையாம். பாலை வீட்டுக்குப் பின்னால் கொட்டிவிடுவார்களாம். அந்த வாசனையை அவள் சொன்னாள், புளித்த பால் வெயிலில் காயும் வாசனை, இங்கே டெட்டால் நெடிக்கு நடுவிலும் அது மூக்கில் ஏறிற்று.

"ஐயா, அண்ணாந்து பாருங்க." வேறு குரல், வேறு பெண். "எனக்கு ஊத்தியாச்சும்மா" என்றார். "யாரு ஊத்துனாங்க?" "தெரியலையேம்மா, தாத்தான்னு சொன்ன பொண்ணு." "அது கோமதியா இருக்கும். சரி, எதுக்கும் இன்னொரு சொட்டு இருக்கட்டும்." குளிர்ச்சியாக விழுந்து சுரீரென்று பரவியது. பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கரகரத்த குரல், "விடுங்க சார், டிக்கெட்டு காசுலயே எக்ஸ்ட்ரா சொட்டு" என்றது. ரிட்டயர்டு கண்டக்டராம். இடது கண்ணுக்கு மட்டும்தான் இன்றைக்குப் பரிசோதனை, வலது கண் போன வருஷமே ஆபரேஷன் ஆகிவிட்டதாம். "ஒரு கண்ணு ரிசர்வேஷன், ஒரு கண்ணு ஜெனரல்" என்று தானே சிரித்துக்கொண்டார். ஆதிமூலமும் சிரித்தார், கண்ணை மூடிக்கொண்டு சிரித்தால் அடுத்தவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு கூச்சம். பாறை. எங்கே விட்டோம், பாறையில். பாறை என்றால் துரைக்கண்ணு முதலாளி. முப்பது வருஷத்துக்கு முன்னால் அவரிடம்தான் முதல் வேலை, விலைப்பட்டியலைப் பார்த்து நகல் எழுதும் வேலை. சின்ன தரைப்பாலம், மொத்தமே நாலு லட்சம். கணக்கில் மண் வெட்டு என்று ஒரே வரி. அரை மீட்டர் போனதும் கடப்பாரை நங்கென்றது. அந்தச் சத்தம். கம்ப்ரஸர் வாடகைக்கு வந்தது, இன்னும் இரண்டு நாள், இன்னும் இரண்டு நாள் என்று நின்றது. முதலில் லாரி போனது. அப்புறம் முதலாளியம்மாவின் கையில் வளையல் இல்லை. அப்புறம் ஆபீஸாக இருந்த முன்னறையில் ஒரு தையல்காரர் வாடகைக்கு வந்தார்; சம்பள பாக்கி வாங்கப் போன ஆதிமூலம் மிஷின் சத்தத்தைக் கேட்டுவிட்டு வாசலிலேயே திரும்பிவிட்டார். பாக்கியைக் கேட்கவில்லை. தெருமுனையில் துரைக்கண்ணு முதலாளி எதிரே வந்தார், நின்றார், "பாறைக்கு ஒரு வரி சேத்திருக்கலாம் இல்ல ஆதி" என்றார், கோபமே இல்லாமல். சேர்த்திருந்தால் விலை ஏறி வேலையே கிடைத்திருக்காது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் அதிலிருந்து எந்தக் கணக்கிலும் பாறை என்று வந்துவிட்டால் ஆதிமூலத்தின் கை தானாக விலைப்பட்டியலில் கீழே இறங்கும். வெடி வைத்து உடைக்கிற விலையைத் தாண்டி, மெஷினால் உடைக்கிற விலையைத் தாண்டி, கடைசி வரிக்கு, உளி வைத்துக் கையால் உடைக்கிற விலைக்குப் போய் நிற்கும். இருப்பதிலேயே அதிகம் அதுதான். நெடுங்கல்பட்டிக்கு மெஷின் போகும், பாதை இருக்கிறது, பார்த்திருக்கிறார். இருந்தும் கடைசி வரி. யாரும் கேட்டதில்லை. எத்தனை கணக்கு போட்டிருக்கிறார், ஒருவரும் கேட்டதில்லை.

"கண்ணைக் காட்டுங்க" என்று மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். ரெண்டு வாட்டி ஊத்தியாச்சி என்று கண்டக்டரே முந்திக்கொண்டு சொன்னார். "சீட்டுல குறிக்கலையே தாத்தா, ஊத்தலைன்னு டாக்டர் என்னைத்தான் திட்டுவாரு. எதுக்கும் இருக்கட்டும்" என்று அவளும் ஒரு சொட்டு விட்டுவிட்டுப் போனாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைத்தார். மூன்று பேரும் நல்ல பிள்ளைகள்தான். ஒருத்தி ஊற்றினது இன்னொருத்திக்குத் தெரியாது, அவரவர் பயத்துக்கு அவரவர் ஒரு சொட்டு. எதுக்கும் இருக்கட்டும். இதே சொல்லை இந்த வாரம் வேறு யார் சொன்னது, வேறு குரல், காற்றோடு, போனில். மாதையன். சைட் மேஸ்திரி மாதையன், சோதனைக் குழி தோண்டிவிட்டுப் போன் பண்ணினான். "பாறை இருக்குதுண்ணா, மூணு இடத்துலயும் பாதிப் பாதி போட்டுக்கங்க, எதுக்கும் இருக்கட்டும்." அன்றைக்கு அவர் காதில் பாறை என்பதுதான் விழுந்தது. எதுக்கும் என்பது இப்போதுதான் விழுகிறது. பாறையைக் கண்ணால் பார்த்தவன் எதற்கு எதுக்கும் என்கிறான்? நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பொறு, அவசரப்படாதே. மாதையன் அளவில் கொஞ்சம் ஏற்றியிருக்கிறான் என்று வை. அந்த ஏற்றின அளவை நாம் கடைசி வரி விலையால் பெருக்கியிருக்கிறோம். சேலத்தில் வரைபடம் போட்ட நிலோஃபரம்மா அஸ்திவாரத்தை மூன்று மீட்டர் ஆழம் காட்டியிருக்கிறார். இந்த அளவுப் பாலத்துக்கு அவர் வழக்கமாகக் காட்டுவது இரண்டு. எதற்காக ஒரு மீட்டர்? அடி மண் எப்படி இருக்குமோ என்று. அந்த ஒரு மீட்டரிலும் பாதிப் பாறை என்று நாம் எழுதி, அதையும் கடைசி வரியால் பெருக்கி. இதெல்லாம் முடிந்தபின் முதலாளி கடைசியில் இதர செலவு என்று மூன்று லட்சம் தன் கையால் எழுதினார். என்ன இதர செலவு என்று கேட்டதற்கு, "பாறை கீறை வந்துட்டா?" என்றார். நாலு பேர். ஒரே பாறை. ஒரே பாறைக்கு நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் தெரியாமல் காசு எடுத்து வைத்திருக்கிறோம். அதுவும் கூட்டலாக இல்லை, ஒன்றின் மேல் ஒன்று பெருக்கலாக.

வந்தது சந்தோஷமா பயமா என்று பிரிக்க முடியவில்லை. ஏன் ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை? சொன்னால் வெட்டுவார்கள், அதுதான். இந்தத் தொழிலில் வெளியே தெரிகிற பாதுகாப்பு முதல் கத்திக்குப் போகும். அளவுக்குள், விலைக்குள், ஆழத்துக்குள் ஒளித்து வைத்தால் பிழைக்கும். அதனால் எல்லோரும் ஒளிக்கிறார்கள், ஒளித்தது கூடிக் கூடிப் பாலத்தையே முழுங்கிவிடுகிறது. சரி, எடுத்துவிடலாம். எடுத்தால்? அவர் தன்னுடையதை எடுத்து, மாதையன் எடுத்து, நிலோஃபரம்மா எடுத்து, மிச்சமிருக்கிற மூன்று லட்சத்தையும் முதலாளி ஆசைப்பட்டு வெட்டிவிட்டால், அப்புறம் அரை மீட்டரில் நங்கென்றால்? தையல் மிஷினின் சத்தம் கேட்டது. கேட்கவில்லை, அது கூடத்து மின்விசிறி. முனிரத்தினத்தின் வீட்டு முன்னறையில் அவர் மகள் வீணை கற்றுக்கொள்கிறாள். எடுக்காவிட்டால்? எடுக்காவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. பாலம் வராது, அளந்துவிட்டு வந்ததோடு சரி. அது நஷ்டமில்லையா. இந்த இரண்டு நினைப்பும் செக்குமாடு மாதிரி ஒரே தடத்தில் சுற்றின, ஒவ்வொரு சுற்றிலும் தடம் கொஞ்சம் ஆழமாயிற்று. மனத்துக்குள் கேட்டுக்கொண்டே இருந்தால் பாறை எத்தனை அடி என்று தெரியாது, தோண்டினவனைத்தான் கேட்க வேண்டும். கேட்பது என்றால் முதலில் தன்னுடையதைச் சொல்ல வேண்டும். தன்னுடையதை மறைத்துக்கொண்டு, நீ எவ்வளவு ஏற்றினாய் என்று இன்னொருவனைக் கேட்டால் அவன் எப்படிச் சொல்வான்? "சார்," என்றார் கண்டக்டர் இருந்த பக்கமாக, "ஒரு போன் போட்டுத் தர முடியுமா? எனக்கு இப்ப கண்ணு தெரியாது." கண்டக்டர் போனை வாங்கிக்கொண்டார். "யாருக்கு? பேரைச் சொல்லுங்க, நான் இறக்கி விட்டுடறேன்."

"மாதையா, நான் பாறைக்குக் கை உடைப்பு விலை போட்டிருக்கேன். மெஷின் போற இடம்னு தெரிஞ்சேதான் போட்டேன். ஒன்றரை லட்சம் அதிகம். அதை எடுத்துடறேன்." அந்தப் பக்கம் தூரத்தில் ஒரு டிராக்டர் சத்தம். "அண்ணா, என்ன திடீர்னு? ஆஸ்பத்திரியில இருக்கறீங்க, டாக்டரு ஏதாச்சும் சொன்னாரா?" "ஒண்ணும் சொல்லல. நீ பாத்த பாறை எவ்வளவு?" அப்புறம் மாதையன் சிரித்தான், மாட்டிக்கொண்டவனின் சிரிப்பு. "மேலக் கரையில மட்டுந்தாண்ணா பாறை. நடுவுலயும் கீழக் கரையிலயும் மொரம்பு, நல்ல கெட்டிச் சரளை. கடப்பாரை இறங்குது. நீங்க எப்படியும் கொறைப்பீங்கன்னுதான் ஏத்திச் சொன்னேன்." "நான் எப்பவாவது கொறைச்சிருக்கேனா?" "இல்ல. அதனாலதான் வருசா வருசம் ஏத்திக்கிட்டே இருக்கறேன்." இரண்டு லட்சம் இறங்கியது. தலைக்குள் எண்கள் தாமாக இடம் மாறி உட்கார்ந்தன, காகிதமில்லாமலே. நிலோஃபரம்மாவிடம் பேசத்தான் தயக்கமாக இருந்தது. படித்தவர், வரைபடத்தில் கையெழுத்துப் போடுகிறவர். ஆனால் மொரம்பு என்ற சொல்லைக் கேட்டதுமே அவர், "சார், கெட்டிச் சரளையா? நிச்சயமா? குழியோட போட்டோ இருக்கா?" என்று அடுக்கினார். மாதையனை அனுப்பச் சொல்கிறேன் என்றார் ஆதிமூலம். போட்டோ போய், அவர் பார்த்து, திரும்பக் கூப்பிடுவதற்குள் கண்டக்டர் தன் மருமகனின் குணங்களைச் சொல்லத் தொடங்கினார், அது ஒன்றும் காதில் ஏறவில்லை. போன் அடித்தது. "என் கணக்குக்கு ரெண்டு மீட்டர் போதும் சார். அடியில என்ன இருக்குன்னு யாரும் எனக்குச் சொல்லல, அதனால ஒரு மீட்டர் கூட்டினேன். ரெண்டாக்கி இப்பவே அனுப்பறேன். ஆனா பள்ளம் எடுத்தப்புறம் நானே வந்து பாப்பேன், இளகின மண்ணா இருந்தா மறுபடி ஆழப்படுத்தணும். அதுக்குப் பணம் இருக்குமா?" "இருக்கும்மா" என்றார். இருக்கும் என்று சொல்லிவிட்டோம். அந்த ஒரு மீட்டரில் கான்கிரீட்டும் வெட்டுமாக மூன்று லட்சம். ஒன்றரை, இரண்டு, மூன்று. ஆறரை. நாற்பதுக்கு நாற்பது. முழு எண்ணாக வந்து நிற்கிற எந்தக் கூட்டலையும் அவர் நம்பியதில்லை. மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை கூட்டினார். நாற்பதுதான். சந்தேகம் தீராமல் இன்னொரு தடவை.

"நாப்பதா!" என்று முதலாளி கத்தினது கண்டக்டருக்கே கேட்டிருக்கும். "அண்ணா, நீங்க கண்ணுக்குப் போனீங்களா, கோயிலுக்குப் போனீங்களா?" ஆதிமூலம் சொன்னார், எல்லாவற்றையும், தன்னுடையதை முதலில். முதலாளி நடுவில் பேசவில்லை. அது நல்லதா கெட்டதா என்று முகம் தெரியாததால் கணிக்க முடியவில்லை. முகம் தெரியாததால்தான் தடங்கலில்லாமல் சொல்லவும் முடிந்தது. "சரிண்ணா. அப்ப அந்த இதர செலவு மூணையும் எடுத்துட்டா முப்பத்தேழு. பளிச்சுன்னு இருக்கும் இல்ல?" வந்துவிட்டது கத்தி. வழக்கமாக இந்த இடத்தில் அவர் சரிங்க என்றுவிடுவார், வேறெங்காவது ஒளித்துக்கொள்ளலாம் என்று. இப்போது ஒளிக்க இடமில்லை, எல்லாப் பெட்டியையும் தானே திறந்து காட்டியாயிற்று. "அது வேணும் முதலாளி. இப்ப அது ஒண்ணுதான் இருக்கு. நாலு பேரோட பயத்துக்கும் சேத்து அது ஒண்ணுதான்." "அதை அவங்க பாத்தா வெட்டுவாங்கண்ணா." "இதர செலவுன்னு போட்டா வெட்டுவாங்க. எதுக்குன்னு எழுதிக் கேப்போம். பாறை வந்தா, இல்ல மண்ணு இளகலா இருந்தா மட்டும் எடுக்கறதுன்னு. வரலைன்னா திருப்பித் தர்றதுன்னு." "திருப்பித் தர்றதா?" முதலாளியின் குரல் ஓடையில் வழுக்கி விழுந்த மாதிரி இறங்கியது. "எங்கப்பா காலத்துலேருந்து இந்தத் தொழில்ல வாங்கின காசை எவனாவது திருப்பிக் குடுத்திருக்கானா?" "இல்லீங்க." "அப்புறம்?" பழையபடி சரிங்க என்றுவிடுவோம் போலிருந்தது ஆதிமூலத்துக்கு. உறையின் ஓரத்தை நகத்தால் கீறினார். "துரைக்கண்ணு முதலாளிகிட்ட நான் வேலை பாத்தேன் இல்லீங்களா," என்று தொடங்கினார், அதற்கு மேல் வரவில்லை. அந்தப் பக்கம் முதலாளி பேனாவைத் திறந்து மூடுகிற சத்தம், திறந்து மூடுகிற சத்தம். துரைக்கண்ணு கதை இந்த ஊர்க் கான்ட்ராக்டர் எல்லோருக்கும் தெரியும். "மூணு வேணாம்," என்றார் முதலாளி கடைசியில். "நாப்பதுன்னு மொட்டையா நின்னா நாம அவங்க பணத்தைப் பாத்துக் கணக்குப் போட்ட மாதிரி இருக்கும். எவ்ளோ இருந்தா உங்களுக்குத் தூக்கம் வரும்?"

இதை இதுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. மேலக் கரையின் பாறை இன்னும் அரை மீட்டர் கூடினால், நடுத்தூணின் மண் இளகி ஒரு மீட்டர் ஆழப்படுத்தினால், மெஷின் நாலு நாள் கூட நின்றால். ஒவ்வொன்றாக எடுத்து வைத்துப் பார்த்தார். முப்பது வருஷமாக அந்தப் பயம் எவ்வளவு பெரியது என்று அளந்ததே இல்லை, ஒரு கரையிலிருந்து பார்த்து மறுகரை தெரியவில்லை என்று திரும்பிக்கொண்டே இருந்திருக்கிறார். "ரெண்டரை" என்றார். "ரெண்டரைதானா?" "ரெண்டரை போதுங்க." அந்தப் பக்கம் டைப் அடிக்கிற சத்தம் கேட்டது. முதலாளி போனை வைக்காமல் யாரிடமோ மெல்லச் சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு, "படிக்கறேன், கேளுங்கண்ணா" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்: "அஸ்திவாரத்தில் எதிர்பாராத பாறை அல்லது இளகின மண் வந்தால் மட்டும், ரூபாய் இரண்டு லட்சத்து ஐம்பதாயிரம். தேவைப்படாவிட்டால் திருப்பித் தரப்படும். மொத்தம் முப்பத்தொன்பது லட்சத்து ஐம்பதாயிரம்." இன்னொரு தடவை படியுங்கள் என்றார் ஆதிமூலம். முதலாளி படித்தார். சரியாகத்தான் இருந்தது. கூடத்தின் கோடியிலிருந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள், கண்டக்டர் முழங்கையைப் பிடித்து எழுப்பிவிட்டார், கண்ணைத் திறந்ததும் எல்லாம் ஒரே வெள்ளையாக, விளிம்பே இல்லாமல், கூசிக்கொண்டு வந்து விழுந்தது. அதற்குள் கால் எடுத்து வைத்தார். இரண்டரை லட்சம், அவ்வளவுதான் அவருடைய பயம், அதற்கு மேல் ஒரு ரூபாயும் இல்லை.